சாமி சாட்டிய வாரத்து நடை

டாக்டர் சொன்னார் என்பதற்காகக் காலையில் தெருவைச் சுற்றிச் சுற்றி வருகிற என் வயதுக்காரர்களே, நாமும் ஒரு காலத்தில் நடந்தோம் என்றால் வீட்டுப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். என் மகன் கைக்கடிகாரத்தில் காலடிகளைப் பார்த்துக்கொண்டே நடக்கிறான். எங்களை நடத்த ஒரு விசில்தான் இருந்தது. அது எங்கள் விளையாட்டு டீச்சரின் கழுத்தில், கறுப்புக் கயிற்றில் தொங்கியது. அதை அவர் எடுத்து ஊதினால் கருவேலங்காட்டுக்குள் மேய்கிற ஆடுகள்கூட நிமிர்ந்து பார்க்கும்.

எண்பதுகளின் நடுவில், நான் பத்தாம் வகுப்புப் படித்தபோது, காலாண்டுப் பரீட்சை விடுமுறையில் எங்கள் பெண்கள் பள்ளியின் சாரணியர் படை நான்கு நாள் நடை போனது. பாளையம்பட்டியில் தொடங்கி, கரிசல் காடு வழியாக எம்.ரெட்டியபட்டி, அங்கிருந்து திருச்சுழி, கடைசி நாள் நரிக்குடி. இரவில் வழியிலுள்ள ஊர்ப் பள்ளிக்கூடங்களில் தங்க வேண்டும். நரிக்குடியில் ஆளுக்கொரு துணிப்பட்டை தருவார்கள். அங்கிருந்து பஸ்ஸில் வீடு.

பட்டை எங்களுக்குப் பெரிதில்லை. அதற்குப் பின்னால் வேறொன்று இருந்தது. மதுரையில் விளையாட்டுப் பிள்ளைகளுக்கு இலவச விடுதியோடு ஒரு மேல்நிலைப் பள்ளி இருந்தது. நடையை ஒழுங்காக முடித்தவர்களில் ஒருத்தியை அங்கே சேர்க்கச் சொல்லி எங்கள் பள்ளியிலிருந்து கடிதம் போகும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு அது ஒரு பெருமை. ஒருத்திக்கு மட்டும் அது பத்தாம் வகுப்புக்குப் பிறகும் படிப்பதா, பருத்திக் காட்டுக்குப் போவதா என்கிற கேள்வி.

அவள் ரெட்டியபட்டிப் பக்கத்து ஊர்க்காரி. முப்பது வீடு இருந்தால் அதிகம். தினமும் பஸ்ஸில் வந்து போவாள். நாங்கள் ரெட்டியபட்டிக்காரி என்றுதான் கூப்பிடுவோம், அவள் ஊரின் பெயரை யார் ஞாபகம் வைத்துக்கொள்வது. “பத்தோட நிப்பாட்டிருவாக. விடுதி கெடச்சா மட்டும் அனுப்புறேன்னு எங்கய்யா சொல்லிருக்காக” என்று பரீட்சைக்கு முன்பே எங்களிடம் சொல்லியிருந்தாள். அப்பாவை அவள் அய்யா என்பாள்.

புறப்படும் முன் டீச்சர் எங்களைப் பிரித்தார். பள்ளி மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டு, மூச்சு வாங்காமல் வந்தவர்கள் கையில் சிவப்பு ரிப்பன், வாங்கியவர்கள் கையில் மஞ்சள், பாதியில் உட்கார்ந்தவர்கள் கையில் பச்சை. சிவப்பு முதல் வரிசை. அவர்கள் அரிசிப் பையும் அலுமினியப் பாத்திரங்களும் சுமப்பார்கள், பாதை பார்ப்பார்கள். மஞ்சள் நடு வரிசை, விறகும் தண்ணீரும் அவர்கள் பாடு. பச்சை மூன்றாம் வரிசை. எங்களுக்கு எங்களையே சுமப்பதுதான் வேலை.

நான் பச்சை. பாளையம்பட்டியில் எங்கள் அப்பா பலசரக்குக் கடை வைத்திருந்தார். கடையில் இருந்த பொரிகடலை, வெல்லம் எல்லாம் என் உடம்பில் இருந்தது. எனக்குத் துணை சவுதிக்காரர் மகள். அவள் வாப்பா சவுதியிலிருந்து அனுப்பிய வெள்ளை பூட்ஸ் அவளுக்கு ஒரு சுற்றுப் பெரிது, உள்ளே துணி அடைத்துக்கொண்டு நடந்தாள். வாய் மட்டும் முதல் வரிசை. எங்களுக்குப் பின்னால் கடைசி ஆளாகப் பள்ளிக்கூடத்து ஆயா, ஒரு தூக்குவாளியோடு வந்தது.

நடைக்கு முதலில் வைத்த தேதி வேறு. அந்த வாரம் அருப்புக்கோட்டை டவுனில் முத்தாலம்மன் கோயில் பொங்கலுக்கு நாள் குறித்து, தண்டோரா போட்டுச் சாமி சாட்டியிருந்தார்கள். நம் பக்கத்தில் இது தெரியாதவர் கிடையாது. சாட்டி விட்டால் பொங்கல் முடியும்வரை ஊர்க்காரர்கள் பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், இரவு ஊருக்குள் வந்துவிட வேண்டும், வெளியே தங்கக் கூடாது. பொங்கலன்று மட்டும் பகலிலும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. டவுன் அம்மாமார் நாலைந்து பேர் பள்ளிக்கு வந்து டீச்சரிடம் சொன்னார்கள். டீச்சர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. “சாமி காரியத்துல நான் குறுக்க நிக்கமாட்டேன்” என்று தேதியை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைத்தார். எல்லாருக்கும் டீச்சர்மேல் மரியாதை கூடிப் போனது.

கிராமங்களில் டவுன் பொங்கல் முடிந்த பிறகுதான் சாட்டுவார்கள் என்பது டீச்சருக்குத் தோன்றவில்லை. எங்களுக்கும் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை விடியக் கிளம்பினோம். பொன்னுருகக் காய்ந்து மண்ணுருகப் பெய்யும் புரட்டாசி என்பார்கள். எங்களுக்கு வாய்த்தது காய்கிற பாதி. கரிசல் வாய் பிளந்து கிடந்தது. வெடிப்புக்குள் கால் போனால் கணுக்கால் வரை போகும். சீமைக் கருவேல நெற்று வெயிலில் காய்ந்து ஒரு தித்திப்பு வாசம் அடிக்கும், அதன் கீழே ஆட்டுப் புழுக்கை வாசம். இந்த இரண்டும் கலந்த வாசம் இன்றைக்கும் பஸ் ஜன்னலில் வந்தால் எனக்குக் கால் வலிக்கிறது. வறண்ட கண்மாய்க்குள் இறங்கி நடந்தபோது தரை அப்பளம்போல் நொறுங்கியது.

முதல் வரிசை எங்களைவிட வெகுதூரம் முன்னால் போய்விடும். பின்னால் வருகிற எங்களுக்காக அவர்கள் வழியில் குறி போட்டுவிட்டுப் போக வேண்டும். கல்லை அம்புபோல் அடுக்கியிருந்தால் அந்தப் பக்கம் போ. குச்சிகள் குறுக்காகக் கிடந்தால் இது வழியில்லை. ஒரு வட்டம் போட்டு நடுவில் புள்ளி வைத்தால், நான் வீட்டுக்குப் போய்விட்டேன். அது நடையெல்லாம் முடிந்த பிறகு போடுகிற குறி. ரெட்டியபட்டிக்காரி போடுகிற அம்பு மட்டும் எங்களுக்குத் தெரியும். பெரிய கல்லாகப் பார்த்துப் போட்டிருப்பாள், முள் கிடந்தால் ஓரமாக ஒதுக்கிவிட்டுப் போயிருப்பாள். “நமக்குன்னே ரோடு போட்டுட்டுப் போறாடி” என்பாள் சவுதிக்காரர் மகள்.

முதல் நாள் சாயங்காலம் ஒரு சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பைகளை இறக்கினோம். டீச்சர் முட்டிப் பிசகிய பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். ரெட்டியபட்டிக்காரி முன்னால் வந்து நின்றாள்.

“டீச்சர், எங்கூருல சாமி சாட்டிருக்கு. வர்ற செவ்வாக்கெழம பொங்கல். ராத்திரி வெளிய தங்கக் கூடாது. இப்பப் போயிட்டு விடியுமுன்ன வந்துர்றேன்.”

“கிளம்பும்போதே சொல்ல வேண்டியதுதான?”

“சொன்னா வேணாம்பீகளோன்னு...”

டீச்சர் தேய்ப்பதை நிறுத்தவில்லை. “உங்க ஊரு இங்கிருந்து பக்கம்தான். சரி, போ. தினமும் இப்படின்னா சரிப்படாது.”

அவள் பள்ளிக்கூட வாசலில் குனிந்து விரலால் ஒரு வட்டம் போட்டு, நடுவில் புள்ளி வைத்துவிட்டு ஓடினாள். காலையில் நாங்கள் பல் விளக்கும்போது வந்து நின்றாள். தலையில் புதுசாய்ப் பூ இருந்தது. மறுநாள் ரெட்டியபட்டியிலும் அப்படியே. இந்தத் தடவை டீச்சர் அந்த வட்டத்தைச் செருப்பால் அழித்தார். “அது நடை முடிஞ்சு போடுற குறி. இவளுக்குத் தினமும் முடியுதாக்கும்.”

மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் தாண்டித் திருச்சுழி போய்ச் சேர்ந்தோம். அங்கிருந்து அவள் ஊர் தூரம். நாங்கள் காலையிலிருந்து வெயிலில் தேய்த்து வந்த அத்தனை தூரமும் அவள் திரும்பிப் போக வேண்டும், விடியுமுன் மறுபடி வர வேண்டும். நான் நினைத்தேன், இன்றைக்கு இருந்துவிடுவாள் என்று. ஒரு ராத்திரிதானே. அவள் சோற்றை வாங்கி அவசரமாகச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவியதும் எழுந்துவிட்டாள்.

“பஸ்ஸுல ஏறுனா நடை கணக்குல வராது, தெரியும்ல?” என்றார் டீச்சர்.

“தெரியும் டீச்சர். நடந்துதான் போறேன். இருட்டுறதுக்குள்ள எங்கய்யா கண்மாக் கரையில வந்து நிப்பாக.”

“ஒரு பொட்டப்புள்ளைய தனியா அனுப்பிட்டு நான் எப்படித் தூங்குறது? பேசாம இரு. சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது.”

அவள் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்: “சாமி கோவிக்காது டீச்சர். ஊரு கோவிக்கும். நாளப்பின்ன ஒரு புள்ளைக்கு அம்மை கண்டாக்கூட எங்க வீட்டத்தான் சொல்லுவாக.”

டீச்சர் போ என்று சொல்லவில்லை. அவள் போய்விட்டாள். அன்றைக்கு வட்டம் போடவில்லை.

இப்போது, எனக்கும் பிள்ளை குட்டி என்று ஆன பிறகு, டீச்சரின் பயம் எனக்குப் புரிகிறது. முப்பது பெண் பிள்ளைகளைக் காட்டு வழியே கூட்டிக்கொண்டு போகிறவர், தன் பொறுப்பிலிருந்து ஒருத்தி கழன்று போவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? அந்த அம்மாவை நான் கெட்டவர் என்று எங்கேயும் சொல்லவில்லை. எங்களில் ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தபோது விடிய விடிய மடியில் போட்டுக்கொண்டிருந்தவர்.

கடைசி நாள் விடியலில் திருச்சுழியை விட்டுக் கிளம்பியபோது அவள் வந்திருக்கவில்லை. டீச்சர் ஒரு தடவை சாலையைப் பார்த்தார், விசில் ஊதினார், முதல் வரிசை போய்விட்டது. நாங்கள் பச்சைகள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தோம். ஆயாவும் பார்த்தது. வெயில் ஏறி, ஒரு குதிரைவாலிக் காட்டைத் தாண்டும்போது, “அந்தா வாரா” என்றது ஆயா.

ஒற்றையடிப் பாதையில் வந்துகொண்டிருந்தாள். கேன்வாஸ் ஷூவின் நாடாவை முடிந்து கழுத்தில் மாட்டியிருந்தாள். முழங்கால் வரைக்கும் கரிசல் தூசி. குதிகாலில் கொப்புளம் உடைந்து அதில் மண் ஒட்டியிருந்தது. எங்களைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டாள், சிரிக்கவும் செய்தாள். ஆயா தூக்குவாளித் தண்ணீரை அவள் காலில் ஊற்றியது. குடிக்கிற தண்ணீர், எங்களில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

“எப்ப எந்திரிச்ச?” என்றாள் சவுதிக்காரர் மகள்.

“கோழி கூவல. எங்கய்யா பாதி வழி வந்துட்டுப் போனாக.” நான் கொடுத்த புளிச்சோற்றை இரண்டு வாய் தின்றாள். “முன் வரிசை எம்புட்டுத் தூரம் போயிருக்கும்? அரிசிப் பைய யாரு தூக்குறா?” என்று கேட்டுவிட்டு எழுந்து, ஷூவைப் போடாமலே எங்களைத் தாண்டிப் போனாள். அன்றைக்கு அதற்கு மேல் வழியில் பெரிய கல் அம்புகள் கிடந்தன.

மத்தியானம் ஒரு புளியமரத்தடியில் எல்லா வரிசையும் சேர்ந்தபோது சவுதிக்காரர் மகள் நேராக டீச்சரிடம் போனாள். அவள் வாயைக் கட்ட அவள் வாப்பா ஊரில் இல்லை.

“டீச்சர், அவ நேத்தும் நடந்துதான் போயிருக்கா, நடந்துதான் வந்திருக்கா. நாங்க பாத்தோம்.”

“நீங்களே ஆடி அசஞ்சு வர்றீங்க. நடையப் பத்தி மூணாம் வரிசை வந்து எனக்குச் சொல்லுதா?” டீச்சர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். “முதல் பஸ்ஸுல வந்து இறங்கி, குறுக்கால விழுந்து வந்திருப்பா. உங்களுக்கு என்ன தெரியும்.”

“நானும் பாத்தேன் டீச்சர்” என்றது ஆயா.

“நீ தண்ணிய ஊத்தாம பாத்துக்க ஆயா.”

எங்கள் கையில் பச்சை ரிப்பன் கட்டியிருந்தது. அதோடு எங்கள் கண்ணும் மூன்றாம் தரம் ஆகிவிட்டது என்று எனக்கு அன்றைக்கே கோபம் வந்தது. எச்சிலை விழுங்குவதுபோல அதையும் விழுங்கிக்கொண்டேன்.

நரிக்குடிப் பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் பட்டை கொடுத்தார்கள். பச்சை வரிசைக்கும் கொடுத்தார்கள், எனக்கும். டீச்சர் ஒவ்வொருத்தி தோளிலும் ஊக்கு குத்திக்கொண்டே வந்தார். ரெட்டியபட்டிக்காரி முன்னால் வந்ததும் கை நின்றது.

“நான் எங்கயாச்சும் நடக்காம விட்டேனா டீச்சர்?” அவளே கேட்டாள். குரல் உயரவில்லை.

“திருச்சுழியிலருந்து உங்க ஊருக்குப் போயிட்டு, விடியுறதுக்குள்ள கிளம்பி வந்து, இங்க வரைக்கும்? பெரிய ஆம்பளையாலகூட முடியாது அம்மா.”

“முடிஞ்சுச்சு டீச்சர்.”

டீச்சர் அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு காலைப் பார்த்தார். அவர் மனம் அசைந்தது, நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். “சரி. நானா ஒண்ணும் முடிவு பண்ணலை. நாளைக்குக் காலையில பள்ளிக்கூடத்துக்கு வா. பெரிய டீச்சர்கிட்ட நீயே சொல்லு, அவங்க விசாரிக்கட்டும். கடுதாசி நாளைக்குத் தபால்ல போயாகணும்.”

எங்கள் வரிசைக்கு ஒரே சந்தோஷம். எங்கள் தலைமையாசிரியை, பெரிய டீச்சர், நியாயஸ்தர், கேட்டால் நம்புவார். ரெட்டியபட்டிக்காரி மட்டும் அப்படியே நின்றாள். டீச்சரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “சரி டீச்சர்” என்றாள். பஸ்ஸில் எங்களோடு திருச்சுழி வரை வந்து, இறங்கி, பொழுது சாயுமுன் ஊர் போய்ச் சேர வேண்டும் என்று ரெட்டியபட்டி பஸ்ஸைத் தேடி வேகமாக நடந்தாள். வரும் வழியெல்லாம் நாங்கள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தோம்.

மறுநாள் பாத்திரங்களைத் துலக்கி ஒப்படைக்க மூன்றாம் வரிசையைப் பள்ளிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். டீச்சர் வராந்தாவில் நின்றிருந்தார். நிஜமாகவே அவளுக்காகக் காத்திருந்தார். ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் வாசலைப் பார்த்தார். உச்சிப்பொழுது வரைக்கும் பார்த்துவிட்டு உள்ளே போனார். அரிசி மண்டிக்காரர் மகள் பெயரோடு கடிதம் போனது. அவளும் முதல் வரிசைதான், நன்றாக நடந்தவள்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

“வரச் சொன்னேன்ல. வரலையே” என்றார் டீச்சர் எங்களிடம். “நெசமா நடந்திருந்தா வந்திருப்பா.”

நாங்களும் கொஞ்சம் அப்படித்தான் நினைத்தோம். வெட்கப்பட்டுக்கொண்டு வரவில்லை போலும் என்று பேசிக்கொண்டோம். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை என்பது எங்கள் ஒருத்திக்கும் உறைக்கவில்லை. எங்கள் பொங்கல்தான் போன வாரமே முடிந்துவிட்டதே.

மண்டிக்காரர் மகளுக்கு மதுரை விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. அரை வருடத்தில் திரும்பி வந்துவிட்டாள். அந்த இடம் யாருக்கும் இல்லாமல் போனது. ரெட்டியபட்டிக்காரி பத்தாம் வகுப்பில் பாஸ் பண்ணினாள். பிறகு அவளைப் பள்ளிக்கூடத்தில் பார்க்கவில்லை. டீச்சர் ஓய்வு பெற்று, ஊரோடு போய், அங்கேயே இறந்தும் போனார்.

சில வருடங்களுக்கு முன் சவுதிக்காரர் மகளின் மகளுக்கு அருப்புக்கோட்டையில் கல்யாணம். எங்கே தேடிக் கண்டுபிடித்தாளோ, ரெட்டியபட்டிக்காரிக்கும் பத்திரிகை வைத்திருந்தாள். பந்திக்குக் காத்திருந்தபோது என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். நரைத்திருந்தாள். நடை மட்டும் அதே நடை. பருத்தி, மிளகாய், பேரப்பிள்ளைகள் என்று பேசினோம். மருமகளைப் படிக்க அனுப்பியிருக்கிறாளாம். நான்தான் அந்தப் பேச்சை எடுத்தேன்.

“அன்னைக்கு நீ ஏன் வரல? வந்திருந்தா உனக்குத்தான் கெடச்சிருக்கும்.”

“பொங்கல் அன்னைக்கு எப்படி வர? எங்காத்தா அந்த வருசம் மொளைப்பாரி தூக்குறாக. விடியக்காலமே ஊரு எல்லைய அடைச்சுருவாக.”

அப்போதுதான் எனக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை விளங்கியது. இத்தனை வருடம் கழித்து, பிரியாணி வாசத்துக்கு நடுவில். “நீதான் மொத நாளே சொன்னியே, செவ்வாக்கெழம பொங்கல்னு. டீச்சருக்குத் தெரியுமே” என்றேன்.

“அதத்தான் நானும் ரொம்ப வருசம் யோசிச்சேன்.” மடியில் கிடந்த முந்தானையை நீவிக்கொண்டே சொன்னாள். “தெரிஞ்சே நாளைக்கு வான்னாகளா, இல்ல மறந்துட்டாகளான்னு. அவுக அப்படிப்பட்டவுக இல்ல. டவுனு சாட்டுக்குத் தேதியவே தள்ளி வச்சவுக. மறந்துதான் சொல்லிருக்கணும்.”

“அப்படித்தான் இருக்கும்” என்றேன், அவளைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு.

“தெரிஞ்சு சொல்லிருந்தாக்கூட நானும் ஒரு ஆளுன்னு அவுக நெனப்புல இருந்திருப்பேன்” என்றாள்.